முதல் கார்: எதைப் பார்த்து வாங்குவது?

ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரையிலான தோல் தொழில் வட்டாரத்தில் முதல் கார் வாங்க நினைப்பவர்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். வருஷத்துக்கு ஒரு முறை போகும் சுற்றுலாவை மனதில் வைத்து வாங்காதீர்கள். தினமும் ஓட்டப்போகும் ரோட்டுக்கு ஏற்றதை வாங்குங்கள்.

இந்த வட்டாரத்தில் உள்ள ஆம்பூர்க்காரருக்கு அந்த ரோடு இரண்டு வகை. பஜார் தெருக்களில் நுழைந்து திரும்ப 4 மீட்டருக்குக் குறைவான நீளமுள்ள சின்ன கார்தான் வசதி. ஊரைத் தாண்டினால் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. லாரிகளுக்கும் பைக்குகளுக்கும் நடுவே ஓட்டும்போது பிரேக்தான் உயிர்.

திடீரென்று பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. ஏபிஎஸ் என்னும் அமைப்பு சக்கரத்தின் வேகத்தைக் கவனித்து, ஒரு விநாடிக்குள் பலமுறை பிரேக் அழுத்தத்தை விட்டுவிட்டுக் கொடுக்கிறது. அதனால் பிரேக் பிடித்தபடியே விலகிப்போக முடிகிறது. புதிய கார்களில் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். முன்பக்க இருக்கைகள் இரண்டுக்கும் ஏர்பேக் 2022 ஜனவரி முதல் கட்டாயம். பழைய கார் வாங்கினாலும் 2022-க்குப் பிறகு தயாரானதைத் தேடுவது நல்லது. புதுக் கார் என்றால், 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம் வாங்கியது என்று கேளுங்கள்.

தோலைத் தடவிப் பார்த்தே தரம் பிரிப்பவர்கள் நிறைந்த ஊர் இது. பழைய காரையும் அப்படியே பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. மீட்டரில் 20,000 கிலோமீட்டர் காட்டும் காரில் பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரைத் திருத்தியிருப்பார்களோ என்று சந்தேகப்படுங்கள். கர்நாடகப் பதிவு கார் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டு சாலை வரியும் கட்ட வேண்டும். அதையும் சேர்த்தே விலையைக் கணக்கிடுங்கள்.

முடிந்தால் நான்கு பேரை ஏற்றி, ஏசி போட்டு, ஏலகிரி மலைச்சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிப் பாருங்கள். இன்ஜினின் இழுவையும் கிளட்ச்சின் நிலையும் அங்கே தெரிந்துவிடும்.

எந்தக் கார் வாங்கினாலும் சீட் பெல்ட் போட்டால்தான் ஏர்பேக் முழுப் பலன் தரும். பின்சீட்டில் உட்காருகிறவர்களையும் முதல் நாளிலிருந்தே பெல்ட் போடச் சொல்லுங்கள்.