சித்தன்னவாசல்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில், சிற்றூர்களுக்கிடையே நீண்டு கிடக்கிறது சித்தன்னவாசல் குன்று. சமணத் துறவியர் தங்கிய குகைத்தளம் ஒரு சரிவிலும், வண்ண ஓவியங்கள் கொண்ட குடைவரைக் கோயில் மறுசரிவிலும் உள்ளன. இவை இரண்டுக்குமிடையே பல நூற்றாண்டுக் கால இடைவெளி உண்டு. எனினும் அவற்றை ஒரே நாளில் கண்டு திரும்பலாம்.

ஏழடிப்பட்டம்

குன்றின்மேல் ஏறிக் கிழக்குப் பக்கமாக இறங்கினால், இயற்கையாக அமைந்த குகைத்தளத்தை அடையலாம். செல்லும் வழியில் கால் ஊன்றுவதற்காகப் பாறையில் ஏழு குழிகள் வெட்டப்பட்டிருப்பதால், இது ஏழடிப்பட்டம் எனப் பெயர்பெற்றது. உள்ளே 17 கற்படுக்கைகள் உள்ளன. தலைவைக்கும் பகுதி தலையணைபோல் உயர்த்திச் செதுக்கப்பட்டுள்ளது. உடலின்பத்தைத் துறந்தோர் உறங்கிய இடம் இது. பெரிய படுக்கையில் காணப்படும் தமிழி எழுத்துகள், அதனை யாருக்காக யார் அமைத்தனர் என்பதைத் தெரிவிக்கின்றன. இவை கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியவை என்பர்.

அறிவர் கோயில்

மேற்குச் சரிவில் உள்ள குடைவரை, அறிவர் கோயில் எனப்படுகிறது. பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் (கி.பி. 9ஆம் நூற்றாண்டு), மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இதனைப் புதுப்பித்து முகமண்டபம் எடுப்பித்தார் என்று இங்குள்ள கல்வெட்டு கூறுகிறது.

மண்டபத்தின் விதானத்தில் தாமரைக்குளம் ஒன்று விரிகிறது. மீன்கள் துள்ளுகின்றன, அன்னங்கள் நீந்துகின்றன, யானைகளும் எருமைகளும் நீராடுகின்றன. அவற்றினிடையே அடியவர் மலர் கொய்கின்றனர். தீர்த்தங்கரரின் அறவுரை கேட்கும் அவைக்குச் செல்லும் வழியில் உள்ள குளமாக அறிஞர்கள் இதனை விளக்குவர். தூண்களில் ஆடல் மகளிரின் உருவங்கள் மங்கிய கோடுகளாக எஞ்சியுள்ளன.

அண்மையில் காணத்தக்கவை

குடுமியான்மலையில் புகழ்பெற்ற இசைக்கல்வெட்டைக் காணலாம். நார்த்தாமலையில் விசயாலய சோழீச்சுரமும், அதனெதிரே திருமால் சிற்பங்கள் நிறைந்த குடைவரையும் உள்ளன. அக்குடைவரை இன்றும் ‘சமணர் குடகு’ என்றே அழைக்கப்படுகிறது. வழிபாடு மாறியும் பெயர் நிலைத்துள்ளது.

காப்பது நம் கடமை

கற்படுக்கை வெயிலையும் மழையையும் தாங்கும், ஓவியம் தாங்காது. பாறைமீது பூசிய மெல்லிய சுண்ணச் சாந்தின் மேல் தீட்டப்பட்டது அது. ஈரமும் புகையும் அதனை மங்கச் செய்யும். கை பட்டாலும் வண்ணம் தேயும். போதிய காவல் இல்லாதிருந்த காலத்தில் மனிதர் கைகளாலேயே இவ்வோவியங்கள் பெரிதும் சிதைந்தன. இழந்த பகுதியை மீண்டும் தீட்டினால் அது நம் காலத்து ஓவியமாகுமே தவிர, பாண்டியர் காலத்து ஓவியமாகாது. எனவே, அங்குச் செல்வோர் தொடாமலும் கீறாமலும் கண்டு திரும்புதல் வேண்டும். எஞ்சிய தாமரைகளை அடுத்த தலைமுறையும் காண்பதற்கு அதுவே வழி.