பிரயாணச் சோதனையும் பிரஜையின் கௌரவமும்

ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் மேற்கே நோக்கின், மேகந் தவழும் மலைத்தொடர் ஒன்று நெடுஞ்சுவர்போல் நிற்பதைக் காண்கிறோம். அம்மலையின் அடிவாரத்தில் மாவும் தென்னையும் வைத்து வாழும் குடியானவர் பலர். காட்டுப்பன்றிகள் இராக்காலத்தில் இறங்கி வந்து, ஓராண்டுப் பாட்டை ஓரிரவில் அழித்துச் செல்லக்கூடுமாதலின், அவர்களுள் சிலர் சர்க்கார் லைசென்ஸ் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கின்றனர்.

அத்தகைய பெரியவர் ஒருவர், சென்னையிலுள்ள தம் மகனைக் காணும்பொருட்டு மதுரை விமான நிலையத்தை அடைகிறார் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்துக்கு எடுத்துச் செல்லும் அதே பையில், மாற்றுடையும் பேரனுக்கு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் வைத்திருக்கிறார். பை ஊடுகதிர் யந்திரத்தினுள் செல்கிறது. பையின் ஓரத்து அறையில், என்றோ மறந்துபோன தோட்டா ஒன்று கிடப்பதை யந்திரம் காட்டிவிடுகிறது. உத்தியோகஸ்தர் பெரியவரைத் தனியே அழைக்கின்றார். சுற்றி நிற்போர் அனைவரும் அவரையே உற்று நோக்குகின்றனர். விமானம் அவரை விட்டுவிட்டுப் புறப்பட்டுவிடுகிறது.

இது வெறுங்கற்பனையன்று, மறந்துபோன தோட்டாவினால் வழக்கில் அகப்பட்ட பிரயாணிகள் நம் தேசத்தில் உண்டு. இப்பெரியவர் குற்றவாளியா? அவரைச் சோதித்தது அநியாயமா? பொது ஜனங்களின் க்ஷேமத்திற்காகப் பிரயாணியைச் சோதிக்கும் அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லலாம்? இவற்றை ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், சோதனை ஏன் ஏற்பட்டது என்பதைக் காண்போம். ஆகாயப் பிரயாணம் தொடங்கிய காலத்தில், பிரயாணிகள் ரயிலேறுவதுபோலவே விமானத்தில் ஏறிச் சென்றனர். 1971ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு செல்லவிருந்த இந்திய விமானம் ஒன்று லாகூருக்குக் கடத்தப்பட்டது. 1976இல் மற்றொரு விமானம் கடத்தப்பட்டதன் பின்னர், 1978இல் விமானப் பாதுகாப்புக்கெனத் தனிப்பிரிவு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 1984ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 2ஆம் தேதி, நமது சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலேயே, பிரயாணப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்த வெடிகுண்டு வெடித்து, முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மறுவருஷம் ஜூன் மாதம் 23ஆம் தேதி, 'கனிஷ்கா' என்னும் விமானம் அட்லாண்டிக் சமுத்திரத்தின்மீது பறக்கையில் வெடித்துச் சிதறி, அதிலிருந்த 329 பேரும் உயிரிழந்தனர். அக்குண்டை வைத்திருந்த பெட்டி விமானத்தில் ஏறியது; பெட்டிக்குரியவன் ஏறவில்லை. 1987இல் பாதுகாப்புப் பிரிவு தனி இலாகாவாயிற்று. 1999ஆம் வருஷக் கடைசியில் காட்மாண்டுவிலிருந்து புறப்பட்ட விமானம் காந்தகாருக்குக் கடத்தப்பட்டதன் பின்னர், விமான நிலையங்களின் காவல் மத்திய கைத்தொழில் பாதுகாப்புப் படையிடம் படிப்படியாக ஒப்படைக்கப்பட்டது.

ஆகவே, நாம் சலித்துக்கொள்ளும் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு பெருந்துயரம் மறைந்து நிற்கிறது. இதனை மறந்து, சோதனை என்றவுடனே சுதந்திரம் பறிபோயிற்று என்று கூக்குரலிடுதல் அறிவுடைமையாகாது.

நிற்க, துப்பாக்கி உடையவனுக்கு ஆகாயப் பிரயாணம் அடியோடு விலக்கப்பட்டதா எனின், அன்று. துப்பாக்கியையும் தோட்டாவையும் கையோடு விமானத்தினுள் கொண்டு செல்லலாகாது; அவ்வளவே. லைசென்ஸ் உடையவர், விமானக் கம்பெனியாரிடம் முன்னதாகவே தெரிவித்து, லைசென்ஸைக் காட்டி, தோட்டா நீக்கிய துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வைத்து ஒப்படைப்பாராயின், அது சாமான் அறையில் ஏற்றப்படும். தோட்டாக்களைத் தனியே கட்டவேண்டும். அவை ஐந்து கிலோகிராமுக்கு மேற்படலாகாது. போய்ச்சேரும் ஊரிலும் அந்த லைசென்ஸ் செல்லுபடியாக வேண்டும். ஒரு ஜில்லாவுக்கென அளிக்கப்பட்ட லைசென்ஸைக் கொண்டு வேறு ராஜ்யத்துக்குத் துப்பாக்கியைக் கொண்டு செல்லுதல் குற்றமாகும்.

லைசென்ஸ் பற்றிய சட்டத்தையும் சிறிது அறிதல் நலம். இப்பொழுது வழங்குவது 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். பயிர்ப் பாதுகாப்புக்கு மெய்யாகவே வேண்டப்படும் வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கிக்குச் சட்டம் தனியிடம் அளித்திருக்கிறது. 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. லைசென்ஸின் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷமாக நீட்டப்பட்டது. நம் பகுதிக் குடியானவர்க்கு மற்றொரு விதியும் உண்டு. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்திலும் அதன் பத்துக் கிலோமீட்டர் சுற்றளவிலும் வசிக்கும் லைசென்ஸ்தாரர், தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவ்வதிகாரியின் சம்மதமின்றி அவ்வெல்லைக்குள் புதிய லைசென்ஸ் வழங்கப்படமாட்டாது. 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகள் சாம்பல்நிற அணிலின் சரணாலயமாகவும், 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகவும் ஆக்கப்பட்டமையின், அடிவாரத்துக் கிராமங்களில் இவ்விதி உயிருள்ள விதியாயிற்று.

இவையெல்லாம் தொல்லையல்லவோ என்று கேட்கலாம். தொல்லையே. ஆயினும், இச்சட்டத்தில் ஒரு சிறப்பைக் காண்கிறோம். லைசென்ஸை மறுக்கும் அதிகாரி, காரணத்தை எழுத்தில் பதிவு செய்யக் கடமைப்பட்டவர். பொது க்ஷேமத்துக்கு ஊறு நேருமெனக் கருதினாலன்றி, கேட்பவர்க்கு அக்காரணத்தைத் தெரிவிக்கவும் வேண்டும். மறுக்கப்பட்டவர் மேல் அதிகாரியிடம் அப்பீல் செய்துகொள்ளலாம். அதிகாரமுடையவன் காரணம் கூறக் கடமைப்பட்டிருக்கும்வரை, குடிமகன் அடிமையாகான்.

இச்சிறப்பின் அருமையை அறியவேண்டின், அஃது இல்லாதிருந்த காலத்தை நினைத்தல் வேண்டும். லிட்டன் பிரபுவின் ஆட்சியில், 1878ஆம் வருஷத்தில் ஆயுதச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இந்தியன் லைசென்ஸ் இன்றி ஆயுதம் வைத்திருத்தல் குற்றம். ஐரோப்பியனுக்கோ அச்சட்டத்தினின்று விலக்களிக்கப்பட்டிருந்தது. துப்பாக்கி ஒன்றே, அபாயமும் ஒன்றே. கையின் நிறம் மட்டுமே வேறு. இவ்வவமானத்தை நம் தலைவர்கள் மறக்கவில்லை. 1930இல் காந்தியடிகள் ராஜப்பிரதிநிதியின்முன் வைத்த பதினொரு கோரிக்கைகளுள், தற்காப்புக்காகத் துப்பாக்கி லைசென்ஸ் வழங்கவேண்டும் என்பதும் ஒன்று. அஹிம்சையைப் போதித்தவர் இதனைக் கேட்டது விந்தைபோல் தோன்றலாம். அவர் கேட்டது துப்பாக்கியையன்று, சமத்துவத்தையே என்று நாம் கொள்ளுகிறோம்.

ஆயுதச் சட்டத்தினும் கொடியது குற்றப் பரம்பரைச் சட்டம். நம் பக்கத்து ஜனங்கள் அதனை 'ரேகைச் சட்டம்' என்பர். 1871இல் வடநாட்டில் தோன்றிய இச்சட்டம், 1911ஆம் வருஷத்துச் சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரை ஜில்லாவில் பிரமலைக் கள்ளர் வகுப்பினரும், ராமநாதபுரம் ஜில்லாவில் மறவர் வகுப்பினருட் பலரும் இதற்குட்படுத்தப்பட்டனர். குற்றமொன்றும் செய்யாதவனும், பிறந்த குலங்காரணமாகக் கைரேகை பதியவேண்டும். இரவில் போலீஸாரிடம் ஆஜராக வேண்டும். வேற்றூர் செல்லவேண்டின் 'ராதாரிச் சீட்டு' வாங்கவேண்டும். மகளை மணமுடித்துக் கொடுத்த ஊருக்குச் செல்லத் தகப்பன் சீட்டுக் கேட்டு நின்ற காலம் அது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, மதுரை ஜில்லாவைச் சேர்ந்த பெருங்காமநல்லூரில், 1920ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 3ஆம் தேதி, கைரேகை பதிய மறுத்த ஜனங்கள்மீது போலீஸார் சுட்டனர். ஒரு ஸ்திரீ உட்படப் பலர் மாண்டனர். 'ரோசாப்பூ துரை' என்று ஜனங்கள் அன்புடன் அழைத்த மதுரை வக்கீல் ஜார்ஜ் ஜோசப், இம்மக்களுக்காக வாதாடினார். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் ஊரூராகச் சென்று இச்சட்டத்தை எதிர்த்தார். 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952இல் தேசமெங்கும் அச்சட்டம் ஒழிந்தது. கடல் கடந்து தென்னாப்பிரிக்கா சென்ற நம்மவரும் இத்தகைய கொடுமையை எதிர்த்தவரே. 1908இல் ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியர் தம் பதிவுச் சீட்டுகளைக் குவித்துக் கொளுத்தினர். அப்போராட்டத்தின் பிற்பகுதியில் சிறைசென்ற இளம்பெண் தில்லையாடி வள்ளியம்மை, நோயுற்று 1914இல் உயிர்நீத்தாள்.

இவ்விரு சோதனைகளுக்கும் உள்ள வேற்றுமையை இப்பொழுது எளிதில் உணரலாம். விமான நிலையத்துச் சோதனை, 'உன் பையில் என்ன இருக்கிறது?' என்று எல்லோரையும் கேட்கிறது. ரேகைச் சட்டமோ, 'நீ யாருக்குப் பிறந்தவன்?' என்று சிலரை மட்டும் கேட்டது. முன்னதற்கு விடை சொல்லிவிட்டு, நிமிர்ந்த தலையுடன் நடந்துபோகலாம். பின்னதற்கு விடை சொன்னவன் தலைகுனிந்தே வாழவேண்டியிருந்தது.

1950ஆம் வருஷம் ஜனவரி மாதம் 26ஆம் தேதி நமது அரசியலமைப்பு அமலுக்கு வந்தபோது, சென்னை ராஜ்யத்தின் மந்திரிசபைக்குத் தலைமை வகித்தவர் ராஜபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசாமி ராஜா. அவ்வரசியலமைப்பின் 19ஆம் பிரிவு, தேசமெங்கும் தடையின்றிச் சஞ்சரிக்கும் உரிமையைப் பிரஜைகளுக்கு அளித்தது. ஆயுதந்தாங்கும் உரிமையையும் சேர்க்கவேண்டுமென்று அரசியல் நிர்ணய சபையில் சிலர் வாதித்தும், சபை அதனை ஏற்கவில்லை. கூட்டங்கூடும் உரிமையும் 'ஆயுதமின்றி, அமைதியாக' என்னும் எல்லையோடே அளிக்கப்பட்டது. ஆகவே, நம் தேசத்தில் பிரயாணம் செய்தல் உரிமை. துப்பாக்கி வைத்திருத்தல் அனுமதி. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்புதல் தவறு. சஞ்சார உரிமையுங்கூடப் பொது ஜன நன்மையை முன்னிட்ட நியாயமான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதே. கட்டுப்பாடு நியாயமானதா என்பதை ஆராயும் பொறுப்பு நீதிமன்றங்களுக்கு உண்டு.

அப்படியாயின் இக்காலச் சோதனையில் குறையே இல்லையா? உண்டு. 2010ஆம் வருஷம் டிசம்பரில், அமெரிக்காவில் இந்தியத் தூதராயிருந்த மீரா சங்கர், மிஸ்ஸிஸிப்பி ராஜ்யத்து விமான நிலையமொன்றில் தனியே அழைத்து உடல் தடவிச் சோதிக்கப்பட்டார். அவர் சேலை உடுத்தியிருந்தமையே காரணமென்று பத்திரிகைகள் எழுதின. உடையைக் கண்டு ஐயுறுதல், பிறப்பைக் கண்டு ஐயுறுதலுக்கு அடுத்த படியேயாகும். 2021ஆம் வருஷம் அக்டோபரில் நாட்டியக் கலைஞர் சுதா சந்திரன், விமான நிலையந்தோறும் தம் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்லுகின்றனரென்று பகிரங்கமாக முறையிட்டார். பாதுகாப்புப் படையினர் வருத்தந் தெரிவித்தனர். அவர் சோதனையே வேண்டாமென்று கேட்கவில்லை. மானத்தோடு சோதிக்குமாறே கேட்டார். அமெரிக்காவிலும் 2010இல், உடலின் வடிவத்தை உள்ளபடி காட்டும் யந்திரங்களைப் பிரயாணிகள் வன்மையாகக் கண்டித்தனர். 2013க்குள் அவை நீக்கப்பட்டு, வெறும் உருவக்கோட்டை மட்டும் காட்டும் யந்திரங்கள் நிலைபெற்றன. நியாயமான கண்டனம் பாதுகாப்பைக் கெடுக்கவில்லை, திருத்தவே செய்தது.

ராமேசுவரத்தில் பிறந்து ராஷ்டிரபதியாய் உயர்ந்த அப்துல் கலாம் அவர்களின் செய்கை இங்கு நினைக்கத்தக்கது. முன்னாள் ராஷ்டிரபதிக்கு நம் தேசத்தில் சோதனையினின்று விலக்குண்டு. ஆயினும் 2009இல் டில்லியில், ஓர் அமெரிக்க விமானக் கம்பெனியின் சிப்பந்திகள் அவரைச் சோதித்தபொழுது, அவர் சினவாது இணங்கினார். தேசம் ஆத்திரங்கொண்டது, கம்பெனியார் மன்னிப்புக் கோரினர், அவரோ அமைதியாயிருந்தார். எல்லோர்க்கும் பொதுவான சோதனை எவரையும் சிறுமைப்படுத்தாது என்பதனை அவரது அமைதி நமக்கு உணர்த்துகிறதன்றோ?

இனி நம் பெரியவரிடம் திரும்புவோம். ஆயுதச் சட்டத்தின்படி ஒரு பொருளை 'வைத்திருத்தல்' என்பதில், அஃது உள்ளதென்னும் அறிவும் அடங்கியிருக்கவேண்டும் என்று 1972இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விமான நிலையத்தில் அகப்பட்ட மறதித் தோட்டா வழக்குகள் சிலவற்றை உயர் நீதிமன்றங்கள் இக்காரணத்தாலேயே ரத்து செய்திருக்கின்றன. ஆதலால், அவர் குற்றவாளியல்லர் என்று முடிவாவதற்கு இடமுண்டு. எனினும் அவரை நிறுத்தி விசாரித்த உத்தியோகஸ்தரும் தவறிழைத்தவரல்லர். அத்தோட்டா மறதியால் வந்ததோ வஞ்சனையால் வந்ததோ யந்திரம் அறியாது. பெரியவரை அமரச்செய்து, அவர் சொல்வதைக் கேட்டு, வீட்டாருக்குச் செய்தி சொல்ல இடங்கொடுத்து, லைசென்ஸைப் பார்வையிட்டு, நடந்ததை உள்ளபடி எழுதுவாராயின், அவர் தம் கடமையைச் செவ்வனே செய்தவராவார். அதட்டி, பலர்முன் கள்வனைப்போல் நிறுத்துவாராயின், சட்டம் அவருக்களிக்காத அதிகாரத்தைத் தாமே எடுத்துக்கொண்டவராவார்.

பிரயாணிகளாகிய நாமும் இரண்டு கடமைகளை மேற்கொள்ளவேண்டும். புறப்படுமுன் நம் பையை நாமே சோதித்துக்கொள்ளுதல் ஒன்று. அவமதிப்பு நேருமிடத்து, கைகலக்காமலும் பயந்தோடாமலும், மேலதிகாரியின் பெயர் கேட்டு எழுத்தில் முறையிடுதல் மற்றொன்று. பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்தவர்கள், சோதனைக்கு அஞ்சியவரல்லர். குற்றமின்றியே குற்றவாளியென எழுதப்படுவதற்கு இணங்காதவர். சீட்டின்றி மகள் வீட்டுக்குச் செல்லும் உரிமையை அவர்கள் நமக்கு வாங்கித் தந்தனர். அவ்வுரிமையை எவர்க்கும் குறைவுபடாமல் காத்தல் நம் பொறுப்பாகும்.