முகத்தைப் பார்த்து நோயை முடிவு கட்டலாமா?



பெண் பார்க்கப் போனாலும் மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் நம்மவர்கள் முதலில் பார்ப்பது முகத்தைத்தான். "மூஞ்சி தெளிவா இருக்கா, தழும்பு ஏதும் உண்டா?" என்று பெரியவர்கள் விசாரிப்பார்கள். இதில் அழகு ஆசை மட்டும் இல்லை, நோய்ப் பயமும் கலந்திருக்கிறது. 1993-ல் கேங்ஸ்டாட், பஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 29 சமுதாயங்களை ஒப்பிட்டார்கள். கிருமி நோய் மிகுந்த இடங்களில் வாழ்க்கைத் துணையின் தோற்றத்துக்கு மக்கள் கூடுதல் மதிப்புக் கொடுப்பதாகக் கண்டார்கள்.

ஆனால் இந்தக் கண் கணக்கு அடிக்கடி தப்பிப் போகும். பெரியம்மைத் தழும்பு உள்ள பெண்ணுக்கு வரன் அமையாத காலம் ஒன்று இருந்தது. அம்மை கண்டு பிழைத்தவருக்கு அது மறுபடி வருவது மிக அபூர்வம். ஆறிய தழும்பிலிருந்து யாருக்கும் ஒட்டாது. பார்க்கப்போனால், அம்மையும் காணாமல் தடுப்பூசியும் போடாமல் இருந்த தெளிந்த முகத்துக்குத்தான் ஆபத்து! தடுப்பூசியின் புண்ணியத்தில் 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை.

அம்மை போனாலும் பயம் போகவில்லை. முகத்தில் ஒரு வெளிறிய திட்டு தெரிந்தால் போதும், வீட்டில் பேச்சு மாறிவிடுகிறது. பால் போல் வெளுத்த வெண்புள்ளியை "வெண்குஷ்டம்" என்று சொல்வதே தவறு. அது தொழுநோய் அல்ல, தொற்றவும் தொற்றாது. தேமல் என்றால் களிம்பிலேயே சரியாகிவிடும். நிறம் மங்கிய அல்லது சிவந்த திட்டில் உணர்ச்சி குறைந்திருந்தால்தான் தொழுநோயா என்று உடனே பரிசோதிக்க வேண்டும்.

பல பெண்கள் இந்த இடத்தில்தான் பயந்து மறைக்கிறார்கள். "தெரிஞ்சா அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்ற எண்ணம். மறைத்து நாளைக் கடத்தினால் நரம்பு கெடும், புருவம் உதிரும், இமை மூடாமல் போகும், விரல் மடங்கும். எந்த முகத்துக்காகப் பயந்தார்களோ அந்த முகமே கெடுகிறது! கூட்டு மருந்து சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். நோயின் தன்மைப்படி 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும். மருந்து தொடங்கியதுமே பிறருக்குப் பரவும் தன்மை வெகு சீக்கிரம் போய்விடும். ஆகவே தனித் தட்டு, தனிப் பாய் எதுவும் வேண்டாம்.

கணவன்மார்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மருந்துகளில் ஒன்றான குளோபாசிமின் தோலைக் கறுக்கச் செய்யும். "கறுத்துட்டியே" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் மாத்திரையை நிறுத்திவிடுவாள். சிகிச்சை முடிந்தபின் அந்தக் கறுப்பு மெல்ல மெல்ல மறையும். சட்டமும் இப்போது மாறியிருக்கிறது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கும் வழியை 2019-ல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. செழிப்பான முகம் உள்ளவரிடமும் எச்.ஐ.வி. இருக்கலாம். அதைக் கண் சொல்லாது. நம்பிக்கை மையத்தில் செய்யும் இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். அதேபோல் மருமகள் முகம் வெளுத்தால் "நிறம் ஏறியிருக்கு" என்று மாமியார் மகிழ்வதுண்டு. அது நிறமல்ல, இரத்த சோகையாக இருக்கலாம். கீழ் இமையை இறக்கிப் பாருங்கள். உள்ளே சிவப்பு இல்லாமல் வெளிறியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். சாதாரணமாகப் பெண்களுக்கு 12 கிராமும், கர்ப்பிணிக்கு 11 கிராமும் குறையாமல் இருக்க வேண்டும். கர்ப்பிணிகள் நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாளும், பிரசவத்துக்குப் பின் 180 நாளும் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுவது அவசியம்.

நம்ம ஆயக்குடிக் கொய்யா லாரி ஏறி வெளியூர் போகிறது. தோட்டத்து வீட்டிலேயே அதைத் தின்ன ஆள் இல்லை! கொய்யாவிலுள்ள வைட்டமின் 'சி', கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்பை உடம்பில் சேர வைக்கும். மதியச் சோற்றோடு ஒரு பழம் தின்னுங்கள். சாப்பிட்ட கையோடு காப்பி, டீ குடிக்காமல் ஒரு மணி நேரம் பொறுங்கள்.