கண்ணில் உள்ள அடையாளம்

தை மாதத்தில் சித்தூர் மாவட்டத்துத் தோப்புகளில் தோத்தாபுரி மாமரங்கள் பூத்திருக்கும். அக்காயை நம் வழக்கில் கிளிமூக்கு மாங்காய் என்போம். திருப்பதிக்கு அருகில் அத்தகைய தோப்பு ஒன்றிற்கு மாணவர்களுடன் சென்றபோது, பூங்கொத்தின் மேல் அந்தரத்தில் நின்ற பூச்சி ஒன்றைக் காட்டி, "தேனீயைப் பாருங்கள்" என்றேன். "ஐயா, அதற்கு இரண்டு இறக்கைகளே உள்ளன" என்றாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அவள் கூறியதே சரி. அது மலர் ஈ.

தேனீக்கு நான்கு இறக்கைகள், ஈக்கு இரண்டே. பின்னிறக்கைகள் இருக்கவேண்டிய இடத்தில் ஈக்குக் குண்டூசி போன்ற இரு சிறு உறுப்புகள் உண்டு. பறக்கும்போது உடலை நிலைப்படுத்துவன அவையே. மலர் ஈக்குக் கொடுக்கு இல்லை; ஆயினும் அதன் மஞ்சள், கறுப்பு வரிகளைக் கண்டு பறவைகள் அஞ்சி விலகும். நாம் ஏமாறுவதற்கு மொழியும் ஒரு காரணமோ என எண்ணத் தோன்றுகிறது. தேன் + ஈ எனத் தமிழும், 'தேனெடீக' எனத் தெலுங்கும் தேனீயை ஈ என்றே அழைக்கின்றன!

மலர் ஈக்கள் ஒரு பெருங்குடும்பம். அதனுள் 'எரிஸ்டாலினஸ்' என்பது ஒரு பேரினம். இப்பேரினத்தை அறியக் கண்ணை நோக்கவேண்டும். வெளிறிய கண்ணில் கரும்புள்ளிகள் தெளித்தாற்போல இருக்கும். சிலவற்றில் புள்ளிகளுக்கு மாறாகப் பட்டைகள் இருக்கும். பட்டைக் கண்ணுடைய ஒரு சிற்றினத்திற்கு 'டேனியாப்ஸ்' என்று பெயர். பட்டைக்கண் என்பதே அதன் பொருள். புள்ளிக் கண்ணுடைய 'மெகாசெபாலஸ்' என்பதற்குப் பெருந்தலை என்று பொருள். அறிவியற்பெயரில் பேரினம் முன்னும் சிற்றினம் பின்னும் நிற்கும்.

இப்பெயரிடும் பணியில் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் பங்குண்டு. லின்னேயசின் மாணவரான பாப்ரீசியஸ், தரங்கம்பாடியிலிருந்து சென்ற மலர் ஈ ஒன்றிற்கு 1805இல் 'ஸ்கூட்டெல்லாரிஸ்' எனப் பெயரிட்டார். இன்று அது 'இஸ்கியோடான்' என்னும் வேறொரு பேரினத்தில் வைக்கப்பட்டுள்ளது. பின்னர், 1923இல் புரூனெட்டி என்பவர் இந்திய மலர் ஈக்களை ஒரு நூலில் தொகுத்தார்.

பெயரில் என்ன இருக்கிறது என்று தோப்புக்காரர் கேட்கலாம். இஸ்கியோடானின் புழு அசுவினிப் பூச்சிகளைத் தின்று பயிரைக் காக்கும். எரிஸ்டாலினசின் புழுவோ நீண்ட வால் போன்ற குழாயால் மூச்சுவிட்டுக்கொண்டு அழுக்கு நீரில் வாழும். வளர்ந்தபின் இரண்டும் பூக்களை நாடும். மாம்பூவில் மகரந்தச் சேர்க்கை பெரும்பாலும் ஈக்களாலேயே நிகழ்கிறது. தத்துப்பூச்சியை அழிக்கப் பூக்காலத்தில் நஞ்சு தெளிக்கும்போது, காய்பிடிக்க உதவும் இவையும் மடிகின்றன.

கண்ணை மட்டும் கொண்டு எல்லாச் சிற்றினங்களையும் பிரித்துவிட இயலாது. மார்பின் கோடுகள், கால்களின் நிறம், சில வேளைகளில் ஆண் ஈயின் உடல்நுனி ஆகியவற்றை நுண்ணோக்கியில் காணவேண்டும். அம்மாணவி தன் ஏட்டில் படம் வரைந்து, "எரிஸ்டாலினஸ், சிற்றினம் தெரியவில்லை" என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் வழங்கினேன்.