இலவச இன்டர்நெட்டை இந்தியா ஏன் திருப்பி அனுப்பியது?

2015 பிப்ரவரி. கைக்கு ஸ்மார்ட்போன் வந்துவிட்டது. ஆனால், ஒரு ஜிபி 3ஜி டேட்டாவுக்கு சுமார் 250 ரூபாய் அழ வேண்டியிருந்த காலம். நெட் பேக் போட்டவர்கள் தேவைப்படும்போது மட்டும் டேட்டாவை ஆன் செய்து, மெசேஜ் பார்த்த கையோடு ஆஃப் செய்துவிடுவார்கள். அப்போதுதான் பேஸ்புக்கும் அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் சேர்ந்து ‘இன்டர்நெட்.ஆர்க்’ என்ற சேவையைக் கொண்டுவந்தன. ரிலையன்ஸ் சிம் இருந்தால் போதும், நெட் இலவசம். முதலில் கிடைத்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

திறந்து பார்த்தால் உள்ளே இருந்தவை நாற்பதுக்கும் குறைவான தளங்கள். செய்திக்கு பிபிசி, மாலைமலர். கிரிக்கெட் ஸ்கோருக்கு கிரிக்இன்ஃபோ. விக்கிப்பீடியா இருந்தது. ராசிபலன் பார்க்க ரிலையன்ஸின் ஜோதிடப் பக்கம்கூட இருந்தது. கூகுள் இல்லை; எதையாவது தேட வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டின் பிங். யூடியூப் இல்லை. பட்டியலுக்கு வெளியே இருக்கும் ஒரு இணைப்பைத் தொட்டால், இதற்குக் கட்டணம் உண்டு என்ற எச்சரிக்கை வந்து நிற்கும். பேஸ்புக் இருந்ததா என்று யாரும் கேட்கவே தேவையில்லை.

இந்தப் பட்டியலை யார் போட்டது? அடுத்த ஒரு வருடம் நாடு முழுக்கச் சூடு பறந்த சண்டைக்குக் காரணம் இந்தக் கேள்விதான். சேர விரும்பும் தளங்களுக்கு பேஸ்புக் சில விதிகளையும் வைத்திருந்தது. வீடியோ கூடாது, இன்டர்நெட் வழிப் பேச்சு கூடாது, ஜாவாஸ்கிரிப்ட் கூடாது. சாதாரண போனிலும் ஓட வேண்டும், டேட்டா அதிகம் இழுக்கக் கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். நியாயமான காரணம்தான். ஆனால், உள்ளே நடக்கும் எல்லாப் போக்குவரத்தும் பேஸ்புக் ஏற்பாடு செய்த இடைநிலை சர்வர் வழியாகத்தான் போய்வரும். மாலைமலரைப் படித்தாலும், விக்கிப்பீடியாவைப் படித்தாலும் நடுவில் ஒரே காவலாளி.

நெட் நியூட்ராலிட்டி, அதாவது இணையச் சமநிலை, இந்தக் காவலாளி வேலையைத்தான் வேண்டாம் என்கிறது. டேட்டாவுக்குக் காசு வாங்கிய கம்பெனி, வாடிக்கையாளர் அதில் என்ன பார்க்கிறார் என்பதை வைத்து வேகத்தையோ விலையையோ மாற்றக் கூடாது. மின்வாரியம் யூனிட்டுக்குக் கணக்குப் போடுகிறது. வீட்டுக்குள் ஓடுவது எந்த பிராண்டு மிக்ஸி என்று கேட்பதில்லை.

கேட்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 2007-ல் காம்காஸ்ட் என்ற பெரிய கேபிள் கம்பெனி, பிட்டோரன்ட் வழியாக ஃபைல் பகிர்பவர்களின் இணைப்பைச் சத்தமில்லாமல் துண்டிப்பதாகப் புகார் கிளம்பியது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அதைச் சோதித்துப் பார்க்க முடிவெடுத்தது. திருட்டுப் படத்தை அனுப்பிச் சோதித்தால் கம்பெனிக்குச் சாக்கு கிடைத்துவிடும் அல்லவா? அதனால் அவர்கள் எடுத்தது பைபிள். காப்புரிமைச் சிக்கலே இல்லாத கிங் ஜேம்ஸ் பைபிளை பிட்டோரன்ட்டில் ஏற்றினார்கள். அதற்கும் தடை விழுந்தது! டேட்டா பாக்கெட் எந்த வகை என்று அடையாளம் கண்டு, அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் ‘இணைப்பை முடித்துக்கொள்’ என்ற போலிச் செய்தியை நடுவில் இருந்த கம்பெனியே செருகியிருந்தது. பயன்படுத்துபவருக்குத் தெரிந்ததெல்லாம் ‘நெட் சரியில்லை’ என்பது மட்டும்.

75 ரூபாய்க்கு 75 எம்பி

இந்தியாவில் பொறி விழுந்தது 2014 டிசம்பரில். ஸ்கைப், வைபர் போன்றவற்றில் பேசினால் அது சாதாரண டேட்டா பேக்கில் சேராது, தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்தது. அதற்கென்றே 75 ரூபாய்க்கு 75 எம்பி பேக் ஒன்றும் சொல்லப்பட்டது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் பிள்ளைகள் வேலை பார்க்கும் வீடுகள் ஐ.எஸ்.டி. பில்லுக்குப் பயந்து இந்த ஆப்களுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. ஐ.எஸ்.டி.யில் போன வருமானத்தை டேட்டாவில் பிடிக்கப் பார்த்தார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் கிடையாது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அறிவிப்பு வாபஸ் ஆனது.

விஷயம் அதோடு முடியவில்லை. 2015 மார்ச் 27 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 118 பக்கக் கலந்தாய்வு அறிக்கை ஒன்றை வெளியிட்டு 20 கேள்விகள் கேட்டது. வாட்ஸ்அப், ஸ்கைப் போன்றவற்றுக்கு லைசென்ஸ் வேண்டுமா, தனிக் கட்டணம் வைக்கலாமா என்ற ரீதியில் கேள்விகள். வழக்கமாக இப்படிப்பட்ட அறிக்கைகளை டெலிகாம் கம்பெனி வக்கீல்களைத் தவிர யாரும் புரட்டுவதில்லை. இந்த முறை சில தன்னார்வலர்கள் சேர்ந்து, 20 கேள்விகளுக்கும் பதிலை எளிமையாக எழுதி, ஒரு பட்டனைத் தட்டினால் டிராய்க்கு மெயில் போகும்படி இணையதளம் ஒன்றை அமைத்தார்கள். ஏஐபி என்ற நகைச்சுவைக் குழுவின் வீடியோ அதைக் கல்லூரி விடுதிகள் வரை கொண்டுபோனது. மெயில்கள் பத்து லட்சத்தைத் தாண்டின. அனுப்பியவர்களின் மெயில் ஐடிகளோடு அத்தனையையும் டிராய் தன் தளத்தில் அப்படியே போட்டுவைத்து, ஸ்பேம் அனுப்புபவர்களுக்கு விருந்து வைத்தது தனிக்கதை.

அடுத்த மாதம், ஏப்ரலில்தான் ‘ஏர்டெல் ஜீரோ’ வந்தது. ஆப் கம்பெனி ஏர்டெல்லுக்குப் பணம் கட்டிவிட்டால், அந்த ஆப்பைப் பயன்படுத்துபவருக்கு டேட்டா செலவில்லை. வாடிக்கையாளருக்கு லாபம்தானே என்று தோன்றும். ஆனால், ஃபிளிப்கார்ட் பணம் கட்டும். அதே பொருளை விற்க நேற்று கடை திறந்த ஒரு சின்ன ஆப் கட்ட முடியாது. ஒன்றைத் திறக்க இலவசம், இன்னொன்றைத் திறக்கக் காசு என்றால், விரல் எங்கே போகும்? ஃபிளிப்கார்ட் இதில் சேரப் பேசிக்கொண்டிருக்கிறது என்ற செய்தி பரவியதும், ஆயிரக்கணக்கானோர் அதன் ஆப்புக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். ஏப்ரல் 14, சித்திரை முதல் நாளன்று ஃபிளிப்கார்ட் ஒதுங்கிக்கொண்டது. இன்டர்நெட்.ஆர்க் பட்டியலிலிருந்து கிளியர்ட்ரிப், என்டிடிவி போன்றவையும் வெளியேறின.

முழுப்பக்க விளம்பரங்கள்

பேஸ்புக் அசரவில்லை. பெயரை ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்று மாற்றியது. விதிகளுக்கு உட்பட்டால் யாரும் சேரலாம் என்றது. 2015 டிசம்பரில் டிராய் இரண்டாவது கலந்தாய்வைத் தொடங்கியபோது, நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள், ஊரெல்லாம் பேனர்கள் என்று இறங்கியது. மார்க் ஸக்கர்பர்க்கே ஆங்கில நாளிதழில் கட்டுரை எழுதினார். பேஸ்புக்கைத் திறந்தவர்களுக்கு, ‘ஃப்ரீ பேசிக்ஸைக் காப்பாற்றுங்கள்’ என்று தயாராக எழுதிய கடிதம் காத்திருந்தது. லட்சக்கணக்கான கடிதங்கள் குவிந்தன. அவற்றில் டிராய் கேட்ட நான்கு கேள்விகளுக்குப் பதில் மட்டும் இல்லை! கலந்தாய்வை ஓட்டெடுப்பாக மாற்றப் பார்க்கிறீர்கள் என்று டிராய் காரசாரமாகவே பதில் எழுதியது. அப்போது தலைவராக இருந்தவர் ஆர்.எஸ். சர்மா.

2016 பிப்ரவரி 8 அன்று தீர்ப்பு போல வந்தது டிராயின் ஒழுங்குமுறை விதி. உள்ளடக்கத்தைப் பொறுத்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைக்கக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம், உச்சவரம்பு 50 லட்சம். பேரிடர் போன்ற அவசர நேரங்களுக்கு மட்டும் விலக்கு. மூன்றே நாட்களில் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவில் மூட்டை கட்டியது. விதி வந்த எரிச்சலில் பேஸ்புக் இயக்குநர் குழுவில் இருந்த மார்க் ஆண்ட்ரீசன், காலனிய எதிர்ப்பு இந்தியாவுக்குப் பொருளாதாரச் சீரழிவைத்தான் தந்தது என்ற பொருளில் ட்வீட் போட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு, அழித்து மன்னிப்பும் கேட்டார். ஒரு வருடமாக எதிர்ப்பாளர்கள் சொல்லிவந்த ‘டிஜிட்டல் காலனி’ வாதத்துக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது.

‘வசதி இருப்பவர்கள் சமநிலை பேசுவார்கள்; ஒன்றுமே இல்லாதவனுக்குக் கொஞ்சம் கிடைத்தால் என்ன கேடு?’ என்ற கேள்வியை அப்போது பலர் கேட்டார்கள். இதை ஒதுக்கித் தள்ள முடியாது. 2013-ல் தமிழ்நாட்டில் செல்வாக்காக இருந்த ஏர்செல், விக்கிப்பீடியாவை டேட்டா கட்டணம் இல்லாமல் தந்தது. அதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. 2020 ஊரடங்கின்போது இலங்கைப் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் பாடத்தளங்களைக் கட்டணமின்றி அணுக அங்குள்ள டெலிகாம் நிறுவனங்கள் வழிசெய்தன. அதனால் படிப்பு நிற்காமல் நடந்தது.

ஆனால் அதே இலங்கையில் சாதாரண நாளில் விற்பது பேஸ்புக் பேக்கேஜ், யூடியூப் பேக்கேஜ், வாட்ஸ்அப் பேக்கேஜ். அவற்றை மட்டும் ரீலோட் செய்பவருக்கு ஒரு செய்தியின் தலைப்பு பேஸ்புக்கில் தெரியும்; முழுச் செய்தியைப் படிக்கத் தளத்துக்குள் போனால் வேறு டேட்டா கரையும். தலைப்போடு நின்றுவிடத்தான் தோன்றும். மியான்மரிலும் 2016-ல் ஃப்ரீ பேசிக்ஸ் நுழைந்தது. இன்டர்நெட் என்றாலே பேஸ்புக்தான் என்று பலர் நம்பிய நாடு அது. ரோஹிங்கியாக்களுக்கு எதிரான வெறுப்பு அங்கே பரவியதில் பேஸ்புக்குக்கு இருந்த பங்கை ஐ.நா. விசாரணைக் குழு 2018-ல் கடுமையாகச் சாடியது. இலவச டேட்டாதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்வது மிகை. வதந்தி இலவசமாகவும், அதைச் சரிபார்க்கும் வழி காசுக்கும் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்க அந்த நாடு ஒன்று போதும்.

ஏழைகளுக்காக என்ற வாதத்தை இந்தியாவில் முடித்துவைத்தது டிராய் அல்ல, சந்தை. தடை வந்த ஏழாவது மாதம், 2016 செப்டம்பர் 5-ல் அனிலின் அண்ணன் முகேஷின் ஜியோ களமிறங்கியது. அடுத்த மார்ச் வரை டேட்டா இலவசம். பட்டியல் எதுவும் இல்லாத முழு இன்டர்நெட். மற்ற கம்பெனிகளும் விலையைக் குறைத்தே ஆக வேண்டியிருந்தது. நாற்பது தளங்களைக் காட்டி ‘இதாவது கிடைக்கட்டுமே’ என்று சொன்னதற்கு அதன் பிறகு அர்த்தமே இல்லாமல் போனது.

விதி இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது

2018-ல் மத்திய அரசு இந்தக் கொள்கையை டெலிகாம் லைசென்ஸ் நிபந்தனையிலேயே சேர்த்தது. குறிப்பிட்ட தளத்தை மெதுவாக்குவதோ, தடுப்பதோ, முன்னுரிமை தருவதோ கூடாது. உலக அளவில் வலுவான விதிகளில் இதுவும் ஒன்று. அமெரிக்காவோ 2015-ல் விதி போட்டு, 2017-ல் நீக்கி, 2024-ல் திரும்பப் போட்டு, 2025 ஜனவரியில் நீதிமன்றத்தில் பறிகொடுத்தது.

அதற்காக இங்கே எல்லாம் சமம் என்று நினைத்துவிட வேண்டாம். கூகுள், நெட்ஃப்ளிக்ஸ் போன்றவை தங்கள் வீடியோக்களின் பிரதியை டெலிகாம் நெட்வொர்க்குக்குள்ளேயே சர்வர் வைத்துச் சேமிக்கின்றன. அதனால் அவை சீக்கிரம் ஓடும். விதி இதற்கு விலக்கு தந்திருக்கிறது. ரீசார்ஜோடு ஓ.டி.டி. சந்தா ‘ஃப்ரீ’ என்று தருவதும் சட்டப்படி சரி, ஏனென்றால் படம் பார்க்கும்போது டேட்டா வழக்கம்போலக் கழிகிறது. 5ஜி நெட்வொர்க்கையே பல துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு தரம் என்று விற்கும் தொழில்நுட்பம் வந்துவிட்டது. அது எந்த எல்லை வரை போகலாம் என்பது அடுத்த சண்டை.

அதைவிடப் பக்கத்தில் இருப்பது ‘நியாயமான பங்கு’ கோரிக்கை. 2023-ல் டிராய் மறுபடி வாட்ஸ்அப் போன்ற ஓ.டி.டி. ஆப்கள் பற்றிக் கருத்துக் கேட்டபோது, அதிக டேட்டா ஓடக் காரணமான பெரிய தளங்கள் எங்களுக்குக் கட்டணம் தர வேண்டும் என்று டெலிகாம் கம்பெனிகளின் சங்கம் கேட்டது. யூடியூப் பணக்காரக் கம்பெனிதானே, கொடுக்கட்டுமே என்று நினைக்கலாம். யூடியூப் டேட்டாவை யார் மேலும் திணிக்கவில்லை. ரீசார்ஜ் செய்தவர்தான் கேட்டு வாங்குகிறார், அதற்கான காசையும் கொடுத்துவிட்டார். இப்படிக் கட்டணம் வசூலிக்கும் முறை ஏற்கெனவே இருக்கும் நாடு தென்கொரியா. அங்கே நெட்வொர்க் கட்டணம் மற்ற நாடுகளைப் போலப் பத்து மடங்கு இருக்கிறது என்று சொல்லி, வீடியோ கேம் நேரலைத் தளமான ட்விட்ச் 2024 பிப்ரவரியில் கடையைக் கட்டியது. அமேசானுக்குச் சொந்தமான கம்பெனிக்கே கட்டுப்படியாகவில்லை என்றால், கோயம்புத்தூரிலோ மதுரையிலோ தொடங்கும் ஒரு வீடியோ தளத்துக்கு என்ன கதி?

இந்தக் கேள்விகள் மறுபடி டிராயின் இணையதளத்தில் கலந்தாய்வு அறிக்கையாக வரும். யார் வேண்டுமானாலும் பதில் அனுப்பலாம். ஆதரவு, எதிர்ப்பு என்று ஒரு வரி எழுதினால் எடுபடாது என்பதை பேஸ்புக்கின் ரெடிமேட் கடிதங்களே காட்டிவிட்டன. கேள்விகளைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி அனுப்புங்கள். கருத்துகளை டிராய் பொதுவில் வெளியிடும் என்பதால், செல்போன் நம்பரை மட்டும் சேர்க்காதீர்கள்.