ஈமுவின் முட்டை நாளம்: நுண்ணமைப்பு

ஈமு, பறக்க இயலாத பெரிய பறவைகளுள் ஒன்று. இதன் தாயகம் ஆஸ்திரேலியா. தமிழ்நாட்டில் ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாகக் கொண்டு பரவிய ஈமு வளர்ப்பு, 2012-இல் முதலீட்டு மோசடிப் புகார்களோடு சரிந்தது. முட்டை ஏன் பச்சை, ஏன் மூன்று நாளுக்கு ஒன்று, கோடையில் ஏன் ஒன்றுகூட இல்லை என்று வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இப்பறவையின் முட்டை நாளத் திசுக்கள் விடை தருகின்றன.

பெரும்பாலான பறவைகளைப் போல ஈமுவிலும் இடப்பக்கச் சூலகமும் நாளமும் மட்டுமே முழு வளர்ச்சி அடைகின்றன. புனல், வெண்கருப் பகுதி, குறுகிய பகுதி, ஓட்டுச் சுரப்பி, யோனி என நாளம் ஐந்தாகப் பிரியும். சுவரின் அடுக்குகள் எங்கும் ஏறத்தாழ ஒன்றே: உள்ளே மடிப்புகளுடைய சளிப்படலம், அதைச் சூழ்ந்து வட்டத் தசையும் நீள்தசையும், வெளியே மெல்லிய உறை. சளிப்படலத்தின் மேற்பரப்பில் குறுயிழை கொண்ட செல்களும் சுரக்கும் செல்களும் கலந்திருக்கும். மடிப்பின் உயரமும் சுரப்பிகளின் அடர்த்தியுமே பகுதிக்குப் பகுதி மாறுகின்றன.

மிக நீளமானது வெண்கருப் பகுதி. இங்கே குழாய்ச் சுரப்பிகள் நெருக்கமாக அடைந்திருப்பதால் இடையிலுள்ள இணைப்புத் திசு அரிதாகவே தெரியும். குறுகிய பகுதி ஓட்டின் உட்சவ்வுகளைத் தருகிறது. ஓட்டுச் சுரப்பி கால்சியம் கார்பனேட் ஓட்டைக் கட்டுகிறது. முட்டைக்குக் கரும்பச்சை தரும் பிலிவெர்டின் நிறமியும் இங்குதான் சேர்கிறது. தீக்கோழி முட்டையின் வெளிர் நிறத்துக்கு இத்தகைய நிறமிப் படிவு இல்லாததே காரணம்.

ஓட்டுச் சுரப்பியும் யோனியும் சேரும் இடம் சிறியது, ஆனால் கவனிக்கத்தக்கது. அங்குள்ள நுண்குழாய்களில் விந்து செல்கள் சேமிக்கப்படுகின்றன. தீக்கோழியிலும் இவை உண்டு. சேவல் ஈமு சுமார் எட்டு வாரம் அடைகாக்கும்; அப்போது இரையைக்கூடப் பெரிதும் தவிர்க்கும். அதனால் இணைசேர்ந்து சில நாள் கழித்தும் கருவுற்ற முட்டை இட இந்தச் சேமிப்பு பெட்டைக்கு உதவுகிறது.

பகல் குறையும் காலமே ஈமுவின் இனப்பெருக்கப் பருவம். இந்தியாவில் பொதுவாக அக்டோபர் முதல் மார்ச் வரை. மற்ற மாதங்களில் சுரப்பிகள் சுருங்கி, மடிப்புகள் தாழ்ந்து, வளர்ந்த பெட்டையின் நாளம் இளம்பறவையின் நாளம் போலத் தோன்றும். திசு எடுத்த மாதம் குறிக்கப்படாவிட்டால், இயல்பான ஓய்வை மலட்டுத்தன்மை என்று எண்ணி, நல்ல பெட்டையைக் கழித்துவிட நேரும்.