பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிளும் வீட்டுப் பட்டறையும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்)

1984-ஆம் ஆண்டில் ஓசூரில் இண்ட்-சுசுகி வண்டிகள் தயாராகத் தொடங்கின. அடுத்த ஆண்டில் யமஹா ஆர்.எக்ஸ். 100, ஹீரோ ஹோண்டா சி.டி. 100 ஆகியவை வந்தன. ஜப்பானிய நுட்பத்தில் இந்தியாவில் உருவான இவ்வண்டிகள் எடை குறைந்தவை, உதைத்தவுடன் கிளம்புபவை. ஆர்.எக்ஸ். 100-இன் உற்பத்தி 1996-இல் நின்றுவிட்டது. ஆயினும் அவ்வண்டிகள் இன்றும் நம் தெருக்களில் ஓடுகின்றன. அவற்றை வீட்டிலேயே பழுது பார்க்க முடியுமா? முடியும். ஆனால் கைத்திறன் மட்டும் போதாது. காரணமும் தெரிய வேண்டும்.

திருப்புளியில் தொடங்குவோம்

ஜப்பானிய வண்டிகளின் கூட்டல்குறித் திருகுகள் ஜப்பானிய அளவுமுறைப்படி அமைந்தவை. சில திருகுகளின் தலையில் அதற்கு அடையாளமாகச் சிறு புள்ளி ஒன்று இருக்கும். கடையில் கிடைக்கும் சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுமையாக இறங்கி உட்காராது. பலமாகத் திருகினால் வழுக்கி மேலேறி, திருகின் தலையைச் சிதைத்துவிடும். பொருத்தமான திருப்புளியை வாங்குவதே முதல் வேலை. பெட்ரோல் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால், வேலையைத் திறந்த வெளியில், அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும்.

பொறி பிறக்கும் இடம்

நாம் வகுப்பில் படித்த பாரடே விதி இங்கே வேலை செய்கிறது. கான்டாக்ட் பாயின்ட் என்னும் தொடுமுனைகள் பிரியும்போது முதன்மைச் சுருளில் மின்னோட்டம் சட்டென்று அறுபடுகிறது. காந்தப் புலம் விரைந்து மாறுவதால், துணைச் சுருளில் பல ஆயிரம் வோல்ட் தூண்டப்பட்டுப் பிளக்கில் பொறி பறக்கிறது. முனைகள் தேய்ந்தால் பொறி பிறக்கும் நேரம் மாறும்; வண்டி திணறும். இடைவெளி சுமார் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இதைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. பீலர் கேஜ் கொண்டு அளக்க வேண்டும்.

பிளக்கின் நிறமும் ஒரு பாடமே. இளம் பழுப்பு நல்லது. ஈரக் கறுப்பு என்றால் பெட்ரோலோ எண்ணெயோ மிகுதி. வெளுத்திருந்தால் கலவையில் காற்று மிகுதி. என்ஜின் சூடேறுகிறது என்று பொருள்.

எண்ணெய் தந்த பாடம்

டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டனுக்கு வேண்டிய எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்தே உள்ளே போகிறது. ஆர்.எக்ஸ். 100-இல் இதற்கென்று தனித் தொட்டியும் சிறு பம்பும் உண்டு. மாட்டுக் கொட்டகையில் சாக்கு மூடிக் கிடந்த என் தாய்மாமன் வண்டியை நான்தான் சரிசெய்தேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். இறுகிப்போன எண்ணெய்க் குழாயை மாற்றினேன். ஆனால் புதுக் குழாயில் தங்கிய காற்றை வெளியேற்ற மறந்துவிட்டேன். ஊர் எல்லையைத் தாண்டியதும் பின்சக்கரம் இறுகிக்கொண்டது. உடனே கிளட்சைப் பிடித்ததால் கீழே விழாமல் தப்பினேன். எண்ணெய் கிடைக்காத பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரைக் கவ்விவிட்டது.

மாமா திட்டவில்லை. "காத்தை எடுக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்குமே மாப்ளே, படிக்கலையா?" என்று மட்டும் கேட்டார். எங்கள் வீட்டில் கல்லூரி வரை வந்தவன் நான் ஒருவனே. அந்தக் கேள்வி ரீபோர் செலவைவிடக் கனமாக இருந்தது.

லேத் பட்டறையில் சிலிண்டரைக் குடைந்து 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டோம். விட்டம் 50, வீச்சு 50 மில்லிமீட்டர் என்றால் கொள்ளளவு 98.2 கன சென்டிமீட்டர். விட்டம் 50.5 ஆனால் அது 100.1 ஆகும். கூடியது ஏறத்தாழ இரண்டு விழுக்காடே. ரீபோர் செய்தால் வண்டி பறக்கும் என்பாருக்கு இந்தக் கணக்கே விடை.

மேம்பாடு எது?

தேயும் முனைகளுக்குப் பதில், மின்தேக்கியின் மின்னூட்டத்தால் பொறி எழுப்பும் சி.டி.ஐ. முறையைப் பொருத்தலாம். பழைய ரப்பர்க் குழாய்களையும் மாற்ற வேண்டும். இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் அவற்றைக் கெடுக்கக்கூடும். பிரேக் லைனிங், சங்கிலி, முகப்பு விளக்கு ஆகியவற்றுக்குச் செலவிடுவதே உண்மையான மேம்பாடு.

சைலன்ஸரை வெட்டுவது மேம்பாடு அன்று. புகைக்குழாயில் திரும்பி வரும் அழுத்த அலைதான், வெளியேற முயலும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. குழாயை வெட்டினால் ஓசை கூடும். பல வேகங்களில் திறன் குறையும். மேலும், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது.

முடிவுரை

மாமா இப்போது அதே வண்டியில் சந்தைக்குப் போய் வருகிறார். பழுது பார்க்கும் கையேடு எண்ணெய்க் கறையோடு என் இயற்பியல் புத்தகத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. நண்பர்களே, ஸ்பேனரை எடுக்கும் முன் புத்தகத்தை எடுங்கள். புத்தகத்தை மூடியபின் ஸ்பேனரையும் எடுங்கள். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வண்டி நடுவழியில் நின்றுவிடும்.